மகளுக்கு 14, மகனுக்கு 6: வெளிநாட்டில் எந்தப் பள்ளி?

கேள்வி: வேலை காரணமாக மூன்று ஆண்டுகளுக்கு வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்கிறோம். அங்கே பேசுவது ஆங்கிலம் அல்ல. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 6. இருவரும் இதுவரை ஆங்கில வழியில் படித்தவர்கள். இருவரையும் ஒரே சர்வதேசப் பள்ளியில் சேர்க்கலாமா, உள்ளூர்ப் பள்ளியே போதுமா?

பதில்: ஒரே பள்ளி என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இருவருக்கும் தேவை வேறு.

மகளிடமிருந்து தொடங்குவோம். அவளுக்கு, அங்கே பள்ளியில் சேரும் நாளைவிட அங்கிருந்து திரும்பும் நாள்தான் முக்கியம். பல சர்வதேசப் பள்ளிகளில் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போல இருப்பது ஐஜிசிஎஸ்இ (IGCSE). அது பெரும்பாலும் 14 முதல் 16 வயதுவரை நடக்கும் இரண்டு ஆண்டுப் படிப்பு. பிறகு, நம் பன்னிரண்டாம் வகுப்பு போல, ஐபி (International Baccalaureate) டிப்ளோமா அல்லது பிரிட்டிஷ் முறையிலான ஏ லெவல், 18 வயதுவரை இன்னும் இரண்டு ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டு முடியும்போது அவள் மேல்நிலைப் படிப்பின் நட்டநடுவில் நிற்பாள். ஐபி எல்லா நாட்டிலும் ஒன்றுதானே, விட்ட இடத்தில் தொடரலாம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் டிப்ளோமாவின் ஆறு பாடங்களுக்கு என்னென்ன தேர்வுகள் கிடைக்கும், இலக்கியத்தில் எந்த நூல்களைப் படிப்பார்கள் என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். பாதியில் மாறுவது மிகவும் சிரமம்.

அதனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேசுங்கள். நான்காவது ஆண்டுக்கு வாய்ப்பு உண்டா? இல்லையென்றால், ஐஜிசிஎஸ்இ முடித்த கையோடு 16 வயதில் அவள் பெற்றோரில் ஒருவருடன் முன்னதாகத் திரும்பி, மேல்நிலைப் படிப்பைப் புதிதாகத் தொடங்குவது நல்லது. அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி இன்னொரு வழி. அங்கே முடித்த பாடங்களுக்கு ஆண்டுதோறும் கிரெடிட் என்ற புள்ளிகள் சேர்வதால் நடுவில் வந்து போவது சற்று எளிது. ஆனால் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைப் பார்க்கும். அதாவது, புது ஊரில் அவள் தடுமாறும் முதல் ஆண்டும் கணக்கில் வந்துவிடும்.

உள்ளூர் மொழிப் பள்ளியை அவளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி வேறு, வரலாற்றுப் பாடத்தில் விடை எழுதும் மொழி வேறு என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் விளக்கினார். முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அவ்வளவு காலம் அவளிடம் இல்லை.

மகனுக்கோ அந்த அவசரம் இல்லை. பக்கத்திலேயே நல்ல உள்ளூர்ப் பள்ளி இருந்தால் தயங்காமல் சேருங்கள். நண்பர்கள் நடந்து போகும் தூரத்தில் இருப்பார்கள், மொழியும் சேர்ந்தே வரும். முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். பயப்படாதீர்கள், கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஆனால் திரும்பி வந்து படிக்கப்போகும் மொழியில் எழுத்துக்கூட்டி வாசிப்பதை வீட்டில் தினமும் நடத்துங்கள். அது விட்டுப்போனால் மூன்று ஆண்டு கழித்து அவன்தான் திண்டாடுவான்.

எந்த வகுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31-ஐ வைத்து வயது கணக்கிடுகிறார்கள், கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி. சில வாரப் பிறந்தநாள் வித்தியாசம் ஒரு வகுப்பையே மாற்றிவிடும்.

‘சர்வதேசம்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஐபி பள்ளி என்றால் முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்று ஐபி அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். கட்டணத்தை நிறுவனம் தருகிறது என்றால் சேர்க்கைக் கட்டணம், பேருந்து, தேர்வுக் கட்டணம், மொழி உதவி வகுப்பு எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழ், கடந்த இரண்டு மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்போ, ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையோ தேவையா என்று பள்ளியிடம் கேளுங்கள். போன பிறகு இவற்றுக்கு அலைவது பெரும்பாடு.

பள்ளிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே மகளின் பிறந்த தேதியையும் நீங்கள் திரும்பும் மாதத்தையும் குறிப்பிட்டு, ‘இந்த மாணவி எந்தப் பொதுத்தேர்வை இங்கே எழுதி முடிப்பாள்?’ என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளியை முதலில் போய்ப் பாருங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு.