ஓபரா பார்க்க 300 டாலர் வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் என் மகள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 'லா போயெம்' என்ற இத்தாலிய இசை நாடகம் பார்க்கவேண்டும் என்கிறாள். இணையத்தில் தேடியபோது முதலில் வந்த தளத்தில் ஒரு டிக்கெட் 300 டாலருக்கு மேல்! எங்களுக்கு இத்தாலிய மொழியும் தெரியாது. சினிமா தியேட்டரில் காட்டும் ஒளிபரப்பே போதுமா?

பதில்: முதலில் அந்தத் தளத்தை மூடுங்கள். தேடலில் முந்திக்கொண்டு வருபவை பல நேரம் மறுவிற்பனைக்காரர்களின் தளங்கள். சேவைக் கட்டணமும் விலையில் ஏறியிருக்கும். மெட்ரோபாலிட்டன் ஓபராவின், சுருக்கமாக 'மெட்'டின், சொந்தத் தளத்துக்குப் போய், அதே தேதிக்கு இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

லின்கன் சென்டர் கலை வளாகத்தில் உள்ள மெட் அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். அத்தனை பெரிய கூடத்திலும் மைக் இல்லாமல்தான் பாடுகிறார்கள். உச்சி மாடிக்கு 'ஃபேமிலி சர்க்கிள்' என்று பெயர். விலை குறைவு, ஆனால் குரல் அங்கேயும் தெளிவாக ஏறி வரும். முகம்தான் தெரியாது, ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். உங்கள் மகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மேடைக்கு முன்னே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்குழு, தரைத்தளத்தில் இருப்பவர்கள் கண்ணில் சரியாகப் படாது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் வயலின் வில்கள் ஒன்றுபோல ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நானாக இருந்தால் அவளுக்குக் கீழே சீட்டு வாங்கமாட்டேன்.

பக்கவாட்டு 'பாக்ஸ்' (சிறு தடுப்பறை) இருக்கை மலிவாகக் கிடைத்தால் மட்டும் உஷார். மேடையில் ஒரு பகுதி மறையும் என்ற குறிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அன்றன்றைக்கு இணையத்தில் விடும் 25 டாலர் 'ரஷ்' டிக்கெட்டுகளும் உண்டு. ஆனால் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற கணக்குதான்; பிள்ளையை அழைத்துப் போகும் நாளில் அதை நம்பாதீர்கள். விளம்பரத்தில் பார்த்த பாடகர் உடம்பு சரியில்லாமல் மாறிவிட்டால் பணம் திரும்ப வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

மொழி ஒரு தடையே இல்லை. 1995 முதல் ஒவ்வோர் இருக்கைக்கும் எதிரே சின்னத் திரை வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பாடும் வரிகள் ஆங்கிலத்தில் ஓடும். பக்கத்து ஆளின் திரை உங்கள் கண்ணை உறுத்தாது.

தியேட்டர் ஒளிபரப்பு 2006 டிசம்பர் 30-ம் தேதி 'மேஜிக் ஃப்ளூட்' ஓபராவுடன் தொடங்கியது. சனிக்கிழமை பகல் காட்சி அப்படியே நேரலையில் வரும். பாடகரின் கழுத்து நரம்பு புடைப்பது வரை தெரியும், இடைவேளையில் பேட்டியும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே ஸ்பீக்கர்தான் பாடுகிறது. பெரிய குரலும் சிறிய குரலும் ஒரே அளவில் காதில் விழும். முதல் தடவைக்கு அரங்குக்கே போங்கள். அடுத்தடுத்த ஓபராக்களுக்குத் தியேட்டர். வீட்டிலேயே இணையத்தில் பார்க்க மெட்டுக்கு மாதம் சுமார் 15 டாலர் சந்தா இருக்கிறது, ஆண்டுச் சந்தாவுக்கு அவசரம் வேண்டாம். காசே வேண்டாம் என்றால் ரேடியோ: சனிக்கிழமை ஒலிபரப்பு 1931 கிறிஸ்துமஸ் நாளில் ஆரம்பித்தது, சீசனில் இன்றும் வருகிறது.

போகிற அன்று ரயிலுக்குச் சீக்கிரம் கிளம்புங்கள். விளக்கு அணைந்தபின் வந்தால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள். 1981 முதல் மெட் மேடையேற்றிவரும், இயக்குநர் ஜெஃபிரெல்லியின் 'போயெம்' தயாரிப்பில் முதல் இரண்டு அங்கங்களுக்கு நடுவே இடைவேளை கிடையாது. பாரிஸ் தெருவே மேடையில் திரண்டு, குதிரை வண்டியும் வரும் காட்சி அந்த இரண்டாம் அங்கத்தில்தான் இருக்கிறது; தாமதித்தால் அதையும் தவறவிடுவீர்கள்.