வேளாண்மை படிக்க ஆசை, வீட்டிலோ கல்யாணப் பேச்சு. என்ன செய்வது?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும், "பொம்பளப் புள்ளைக்கு வெளியூர்ப் படிப்பு எதுக்கு" என்று வீட்டில் தடுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அவர்கள் பயமெல்லாம் நீங்கள் வீட்டை விட்டுப் போவதில்தான் இருக்கிறது. பஸ்ஸில் யாரோடு பேசுவாள், நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நின்றால் சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? அப்புறம், படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும், நகையும் கூடும். இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என் அப்பா ஃபீஸ் அதிகம் என்பார். அதற்கு வழி சொன்னால் தூரம் என்பார். அண்ணனிடம் இந்தக் கேள்வி எதுவும் வரவில்லை. அநியாயம்தான். ஆனால் அட்மிஷன் நேரத்தில் அந்தச் சண்டையில் இறங்கிவிடாதீர்கள்.

எனக்காக அப்பாவிடம் வாதாடியது அம்மா. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள்கூட ஓட்டினார்கள். சேலையைச் சொருகிக்கொண்டு போகிறாளே என்று தெருவே பேசியது. தண்ணீர்க் குடம் சைக்கிளில் வீடு வந்து சேர ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். அத்தையோ பாட்டியோ, முதலில் அவரைப் பிடியுங்கள். அப்பாவை ஒருமுறை கல்லூரிக்கே அழைத்துப் போய் விடுதியைக் காட்டி, வார்டனிடம் பேச வையுங்கள். எங்கள் வீட்டில் மனம் இளகியது அதற்குப் பிறகுதான்.

பணம் பற்றிப் பேச்சு வந்தால் புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்துவந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022-ல் இப்படி உயர்கல்விக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த காசு படிப்புக்கு வருவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்துவைப்பது சட்டப்படி குற்றம். அப்படிப் பேச்சு எடுத்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். பதினெட்டு ஆகிவிட்டது என்றால், "நிச்சயம் மட்டும் பண்ணி வைப்போம், அப்புறம் படி" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். எங்கள் தெருவில் அப்படி ஒத்துக்கொண்ட பெண்கள் யாரும் படிப்பை முடிக்கவில்லை.

சரி, இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அப்பா சம்மதிக்கட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் சரி என்று சொல்லும் நாளில் கடைசித் தேதி முடிந்திருக்கக் கூடாது.