கொடைக்கானல் முகாமுக்குக் கார்டைத் தேய்க்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனை ஜனவரியில் கொடைக்கானலில் 4 நாள் சாகச முகாமுக்குப் பள்ளியில் அழைத்துப் போகிறார்கள். கட்டணம் 18,500 ரூபாய். பாதியை இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். என் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 62,000 பாக்கி. மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) 3,100-ஐ மாதம் தவறாமல் கட்டிவருகிறேன். மைத்துனர் மகனும் அதே முகாமுக்குப் போகிறான். அவன் கட்டணத்தையும் என் கார்டிலேயே போடச் சொல்கிறார். மூன்று மாதத்தில் தந்துவிடுவாராம். 8 மாதமாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 2,500 ரூபாய் எஸ்ஐபி போடுகிறேன், அதைத் தொட மனமில்லை. என்ன செய்வது? (வாசகர், ஈரோடு)

பதில்: பையனை அனுப்புங்கள். கார்டை மட்டும் எடுக்காதீர்கள். உங்களைக் கரைப்பது முகாம் அல்ல, ‘தவறாமல் கட்டிவருகிறேன்’ என்கிறீர்களே, அந்த 3,100.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஸ்டேட்மெண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). 62,000-க்கு வட்டி 2,170. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 390. ஆக 2,560 போக, அசலில் கழிவது வெறும் 540 ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை: பாக்கி ஓடும் கார்டில் புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஏறத் தொடங்கும்.

மைத்துனரின் 18,500-க்கு வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து மாதம் 765 ரூபாய். மூன்று மாதம் கழித்து அவர் சொன்ன சொல் தவறாமல் 18,500-ஐத் தந்தாலும், கிட்டத்தட்ட 2,300 உங்கள் தலையில்தான் நிற்கும். அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: “மாப்ளே, கார்டுல பாக்கி ஓடுது, இன்னைக்குத் தேய்ச்சா இன்னைக்கே வட்டி.” தவணை கேட்டு அவரே பள்ளியில் எழுதிக் கொடுக்கட்டும்.

இனி எஸ்ஐபி. ஆண்டுக்கு 12 சதவீதம் வரும் என்ற நம்பிக்கையில் ஒரு பக்கம் போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் 42 சதவீதமும் அதற்கு மேல் வரியும் கட்டுவதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நிறுத்திவையுங்கள். சேர்ந்திருக்கும் 20,000 சொச்சத்தில் முகாம் கட்டணத்தை எடுங்கள். ஓராண்டு ஆகாததால் 1 சதவீதம் வெளியேறும் கட்டணம் பிடிக்கலாம், 200 ரூபாய்க்குள் முடியும். பணம் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகும், அதனால் 18-ஆம் தேதிக்கே விண்ணப்பித்துவிடுங்கள். வரிச் சேமிப்பு ஃபண்டாக இருந்தால் 3 ஆண்டு எடுக்க முடியாது. அப்படியானால் நீங்களும் பள்ளியில் தவணைதான் கேட்க வேண்டும்.

கார்டு பாக்கிக்கு, வீட்டில் கலந்து பேசி வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். 10 சதவீத வட்டியில் 62,000-க்கு 12 மாதத் தவணை ஏறத்தாழ 5,450. இப்போது கட்டும் 3,100, நின்றுபோன எஸ்ஐபி 2,500, இரண்டும் சேர்ந்தால் 5,600. புதிதாக ஒரு பைசா தேட வேண்டாம். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையை எடுக்காதீர்கள். அதில்தான் நகை மறுஅடகுக்குப் போகிறது. கார்டை முழுதாக அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மெண்டில் இடைப்பட்ட நாட்களுக்கான சிறு வட்டி வரும். ‘எல்லாம் முடிந்தது’ என்று அதை விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் விழும்.

ஆறு மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று ஆப்களில் வருவதையும் தொடாதீர்கள். பிராசசிங் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்தபின் அதில் ‘நோ காஸ்ட்’ எங்கே இருக்கிறது?

பணம் கட்டுமுன் பள்ளியில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: காய்ச்சலால் பையன் போக முடியாவிட்டால் எந்தத் தேதிவரை பணம் திரும்பும், விபத்துக் காப்பீடு கட்டணத்தில் அடங்குமா, ஹெல்மெட், கயிறேறும் பெல்ட், ஸ்லீப்பிங் பேக் ஆகியவற்றை முகாமே தருமா. தருமென்றால் பொருள் பட்டியலில் பாதி குறையும். ஜனவரி இரவில் அங்கே 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஸ்வெட்டர், குல்லா, மூன்று ஜோடி சாக்ஸ் அவசியம். ஜெர்கினைச் சொந்தக்காரர் வீட்டில் இரவல் வாங்கலாம். ஷூ மட்டும் புதிதாக வேண்டாம். முதல் நாள் மலையேற்றத்திலேயே குதிகால் கொப்புளித்துவிடும். ஏற்கெனவே போட்டுப் பழகிய ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும்.