பழைய தமிழ் வேர்டு ஃபைல் ஆங்கில எழுத்தாகத் திறக்கிறது, கரண்ட் போனால் அடித்தது காணாமல் போகிறது: ஆபீஸை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கோத்தகிரி பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: பல வருடங்களுக்கு முன் டவுனில் டைப் அடித்து வாங்கிய தீர்மானங்களும் மனுக்களும் புது லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கின்றன. மழை நாளில் கரண்ட் போனால் பாதி அடித்த கடிதம் போய்விடுகிறது. உறுப்பினர் பட்டியலில் வங்கிக் கணக்கு எண்கள் தாமாக மாறுகின்றன. கேட்டால் கடைக்காரர், "எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆபீஸை மறுபடி போட்டாத்தான் சரியாகும்" என்கிறாராம்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஆபீஸை மறுபடி போடுவதால் சரியாகாது. லேப்டாப்பையே ஃபார்மேட் செய்துவிட்டால், இன்னும் மீட்கக்கூடிய கடிதமும் சேர்ந்து போய்விடும்.

நானும் கோத்தகிரியில்தான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று கடைக்கு வருவதில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே அல்ல. அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தோற்றம் மட்டும் மாறியிருக்கிறதா, இல்லை உள்ளே இருந்ததே போய்விட்டதா? இது தெரிகிறவரை அந்த ஃபைலில் சேவ் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வைத்து, அந்த நகலில் வேலை பாருங்கள்.

முதலில் தமிழ் ஃபைல். போன மாதம் கட்டபெட்டு பக்கமிருந்து ஒரு பெரியவர் பட்டா மனுவைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். திரையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "ஏம்மா, நான் தமிழ்லதான சொல்லி அடிச்சேன், இதென்ன இங்கிலீஷா வந்து கிடக்கு?" என்றார். திரையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒரு சொல் இருந்தது. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது "தமிழ்" என்று உடனே தெரியும். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொம்பு, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யின் மேல் வைக்கும் புள்ளி.

பாமினி, வானவில் அவ்வையார், ஷ்ரீலிபி போன்ற பழைய ஃபான்ட்கள் எல்லாமே இந்த வகைதான். கணினிக்குள் பதிவாகி இருப்பது ஆங்கில எழுத்தின் எண். அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்பில் வேர்டு வேறொரு ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளும், அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அதாவது உங்கள் தீர்மானங்கள் ஒரு எழுத்துகூடக் குறையாமல் அப்படியே உள்ளே இருக்கின்றன.

எந்த ஃபான்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் குவியலின் நடுவே ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, மேலே ஹோம் பட்டையில் ஃபான்ட் பெயர் வரும் கட்டத்தைப் பாருங்கள். ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை அங்கே காட்டும். அந்தப் பெயரைத் தாளில் குறித்து வையுங்கள். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, மொத்தத்தையும் செலக்ட் செய்து லதா, நிர்மலா என்று ஏதாவது ஒரு தமிழ் ஃபான்ட்டுக்கு மாற்றி, தமிழ் வரவில்லை என்றதும் அப்படியே சேவ் செய்து மூடிவிடுகிறார்கள். லதாவும் நிர்மலாவும் யூனிகோட் ஃபான்ட்கள், அதாவது தமிழ் எழுத்துக்கே தனி எண் வைத்திருக்கும் முறையில் வந்தவை. இந்த ஆங்கில எண்களை அவை தமிழாகக் காட்டாது. காட்டாததோடு, எந்த ஃபான்ட்டில் அடித்தது என்ற ஒரே தடயமும் அந்த சேவில் அழிந்துபோகும்.

பெயர் தெரிந்த பிறகு இரண்டு வழி. நாளைக்கே பிரின்ட் வேண்டும் என்றால் அந்த ஃபான்ட்டை வாங்கி, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். வேர்டை மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிடும். ஆனால் சங்கத்தின் ஆவணங்கள் வருங்காலத்துக்கும் வேண்டும் என்பதால் யூனிகோடுக்கு மாற்றிவிடச் சொல்கிறேன். 2010ல் தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இணைய வழி மனுவில் ஒட்டுவதற்கும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும், பழைய தீர்மானத்தில் ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்கும் அதுதான் உதவும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இணையத்திலும் மாற்றிகள் உண்டு. முதலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பாமினி ஃபைலுக்கு வானவில் என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துதான் வரும், ஆனால் படிக்க முடியாத தமிழாக வரும். அப்போது பதறாமல் அடுத்த வகையைத் தேர்ந்தெடுங்கள். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஜ, ஹ, ஷ, ஸ்ரீ வரும் இடங்களைக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் ஆள் பெயரிலும் ஹட்டி (படகர் ஊர்) பெயரிலும் இந்த எழுத்துகள் நிறைய. மனுவில் பெயர் ஒரு எழுத்து மாறினாலும் பட்டாவோடு ஒத்துப்போகாது.

இன்னும் பாமினியிலேயே அடிப்பவர்களுக்கு ஒன்று. வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே த, பெரிய ஜே து. "தலைவர்" என்று தொடங்கினால் "துலைவர்" என்று நிற்பது இதனால்தான், டைப் அடித்தவர் பிழை இல்லை. ஃபைல் மெனுவில் இருக்கும் ஆப்ஷன்ஸில் புரூஃபிங் போய், ஆட்டோகரெக்ட் பட்டியலில் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்ற விரலுக்குப் புது விசைப்பலகை வராது என்று பலர் யூனிகோடுக்கே வருவதில்லை. என்எச்எம் ரைட்டரில் பழைய டைப்ரைட்டர் விசை அமைப்பும் இருக்கிறது, பாமினி அமைப்பும் இருக்கிறது. விரல் பழகியபடியே அடிக்கலாம், விழுவது யூனிகோடாக விழும்.

அடுத்தது கரண்ட். வடகிழக்குப் பருவமழையில் ஒரு கற்பூர மரம் கம்பி மேல் விழுந்தால் ஈபி ஆட்கள் வந்து சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். இங்கே சேவ் செய்யாமல் போனது உண்மையான இழப்பாகலாம். ஆனாலும் முழு இழப்பாக இருப்பது அபூர்வம்.

வேர்டு தானாகவே 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மீட்பு நகல் எடுத்து வைக்கும். கரண்ட் வந்து வேர்டைத் திறந்ததும் இடது பக்கம் அந்த நகல்களின் பட்டியல் வரும். அதை இடைஞ்சல் என்று நினைத்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அதிகம் இருப்பதை சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் வையுங்கள். பட்டியலே வரவில்லை என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், அதில் ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ். பெயரே வைக்காமல் அடித்துக்கொண்டிருந்த கடிதம் பல சமயம் அங்கே கிடைக்கும். சில நாளில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே பாருங்கள்.

இனி நடக்காமலிருக்க ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் அந்த 10ஐ 2 ஆக்குங்கள். மேலே இருக்கும் ஆட்டோசேவ் பொத்தானை நம்ப வேண்டாம். அது ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில், வைத்த ஃபைலுக்குத்தான் வேலை செய்யும், பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களில் நெட் எப்போது இருக்கும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அடிப்பது கைப்பழக்கமாகட்டும். லேப்டாப் பேட்டரி செத்திருந்தால் புது பேட்டரி போடுங்கள், செத்த பேட்டரியோடு லேப்டாப்பும் கரண்ட் போனதும் அணைந்துதான் போகும். மேசைக் கணினிக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கரண்ட் வந்த பின் "இந்த ஃபைலை வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று வந்தால், யாரும் பயன்படுத்தவில்லை. வேர்டு திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரில் டில்டே (~) குறியும் டாலர் ($) குறியும் முன்னால் வைத்த ஒரு மறைவான குட்டி ஃபைலை உண்டாக்கும், ஒழுங்காக மூடும்போது அழிக்கும். திடீரென அணைந்ததால் அது தங்கிவிட்டது. வேர்டை முழுவதும் மூடிவிட்டு அந்தக் குட்டி ஃபைலை மட்டும் அழியுங்கள்.

உண்மையிலேயே ஃபைல் உடைவது பெரும்பாலும் பென் டிரைவால்தான். பென் டிரைவில் இருக்கும் ஃபைலையே திறந்து அடித்துவிட்டு, மூடாமல் பிடுங்குகிறார்கள். முதலில் டெஸ்க்டாப்பில் நகல் எடுத்து அடியுங்கள், முடிந்ததும் பென் டிரைவுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே உடைந்திருந்தால், ஓப்பன் பெட்டியில் பொத்தானை ஒட்டியிருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் ஓப்பன் அண்டு ரிப்பேர் வரும். அதிலும் திறக்காவிட்டால் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள், இலவசம்தான். வேர்டு மறுக்கும் ஃபைல்கள் சில அதில் திறந்துவிடும்.

வங்கிக் கணக்கு எண் விஷயத்தில்தான் மிகவும் கவனம் தேவை, பணம் யாருக்குப் போகிறது என்பது அதில் இருக்கிறது. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் ஏதோ தசமப் புள்ளியும் +11ம் போட்டுக் காட்டும். அது தோற்றம் மட்டுமே; செல்லின் வகையை நம்பர் என்று மாற்றி தசமத்தை எடுத்துவிட்டால் முழு எண்ணும் வந்துவிடும். ஆனால் 16 இலக்கக் கணக்கு எண் கொண்ட வங்கிகள் இருக்கின்றன. அதை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். முன்னால் 0 இருக்கும் எண்ணில் அந்த 0 போய்விடும். பிறகு வகையை மாற்றினாலும் போனது திரும்பாது, பாஸ்புக்கைப் பார்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

எனவே அடிப்பதற்கு முன்பே கணக்கு எண் வரும் நெடுவரிசை முழுவதையும் செலக்ட் செய்து டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். உங்கள் பட்டியலை இன்றே திறந்து, 0வில் முடியும் நீண்ட எண்களை எல்லாம் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) என்று வரும் பட்டியலை டபுள் கிளிக் செய்து திறக்கக் கூடாது. எக்செல்லைத் தனியே திறந்து, டேட்டா பகுதியில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக எடுத்து, 65001 என்ற யூனிகோட் வகையைத் தேர்ந்தெடுங்கள்; தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வரும். கணக்கு எண் நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் கொடுத்த பிறகே உள்ளே இறக்குங்கள். டபுள் கிளிக்கில் திறந்துவிட்டால் சேவ் கொடுக்காமல் மூடுங்கள், மூல ஃபைல் பிழைத்துக்கொள்ளும்.

புது லேப்டாப்பில் இன்னொன்று: விண்டோஸில் ரீஜன் (நாடு) அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 03/04 என்று அடிப்பது மார்ச் 4 ஆகிவிடும். அதை இந்தியாவாக மாற்றுங்கள். வேர்டில் தாள் அளவு லெட்டர் என்று இருந்தாலும் ஏ4க்கு மாற்றுங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279தான். கையெழுத்து வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போவது பெரும்பாலும் இதனால். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் பிரின்டரில் தாள் சிக்கினால் பிரின்டரைக் குறை சொல்லாதீர்கள். பிரித்த தாள்கட்டு ஈரம் குடித்திருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பிளாஸ்டிக் உறையிலேயே கட்டி வையுங்கள்.

பழைய தீர்மான ஃபைலின் நகலைத் திறந்து, ஃபான்ட் கட்டத்தில் என்ன பெயர் தெரிகிறது, முதல் வரியில் எந்தெந்த எழுத்துகள் நிற்கின்றன என்று எழுதுங்கள். மாற்றியில் எந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.