அடுப்பு மூட்டாத காலை உணவு: தயிர்க் கோப்பையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: காலை ஆறரை மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தானே எடுத்துச் சாப்பிடுவதற்காக, செயலியில் 'ஆரோக்கியக் காலை உணவு' என்ற பிரிவில் வரும் ஸ்ட்ராபெரி தயிர்க் கோப்பைகளை வாங்கி வைக்கிறேன். பதினோரு மணிக்கே பசிக்கிறது என்கிறாள். வேறு வழி உண்டா? – வாசகி, திருப்பூர்

பதில்: பசிக்கத்தான் செய்யும். நூறு கிராம்கூட இல்லாத ஒரு கோப்பை, வளரும் பெண்ணுக்கு ஒரு வேளை உணவாகாது. அதைவிட எனக்குக் கவலை தருவது அதிலுள்ள சர்க்கரை.

கோப்பையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை மிகுந்தது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. பாலை அடுத்து சர்க்கரை வந்தால், பழம் அதைவிடக் குறைவு என்று பொருள். 'ஆடட் சுகர்ஸ்', அதாவது தனியாகச் சேர்த்த சர்க்கரை, என்ற வரியில் பத்து கிராம் என்றிருந்தால், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொட்டியதற்குச் சமம். வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் விற்கும் கோப்பையில் இந்த விவரங்கள் தமிழில் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆங்கிலமோ இந்தியோ போதுமாம். பொடியெழுத்தில், தெரியாத மொழியில் அச்சிட்டுவிட்டு, தாய்மார்கள் படித்து வாங்கட்டும் என்பது என்ன நியாயம்? உணவு எவ்வளவு ஆரோக்கியமானது என்று காட்டும் நட்சத்திரக் குறியீட்டைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் போடுவதற்கான வரைவை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரிலேயே வெளியிட்டது, நட்சத்திரத்தைத்தான் காணோம்.

செயலிகளின் பிரிவுப் பெயர்களையும் நம்பாதீர்கள். அது விற்பவர் மாட்டிய பலகையே தவிர, மருத்துவரின் பரிந்துரை அல்ல. பால், தானியம், மால்ட் சார்ந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் அந்த ஆணையமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி உங்கள் வழி. காய்ச்சி ஆறிய பாலில் முன்மாலையே உறை ஊற்றி, தயிர் தோய்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். படுக்கப் போகுமுன் இரண்டு கைப்பிடி கெட்டி அவலை அலசி, நீரை நன்றாக வடித்து, ஒரு டப்பாவில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு, ஏறத்தாழ 200 கிராம் தயிரை ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் அவல் தயிரை உறிஞ்சிப் பருத்து, கரண்டியில் எடுத்தால் சரியாமல் நிற்கும். மகள் செய்ய வேண்டியது, ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையைத் தூவுவது மட்டுமே. தயிரும் கடலையும் சேர்ந்து சுமார் பத்து கிராம் புரதம் தரும். பூவனோ கற்பூரவள்ளியோ நன்கு கனிந்திருந்தால் சர்க்கரை தேவைப்படாது. கொய்யா கிடைக்கும் நாட்களில் அதையே போடுங்கள். நூறு கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி கொண்ட பழத்தை விட்டுவிட்டு, ஸ்ட்ராபெரி மணத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அன்னாசிப் பழத்தை மட்டும் இரவே கலந்து வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி (என்சைம்) பாலின் புரதத்தைத் துண்டாக்குவதால், விடிவதற்குள் தயிர் நீர்த்துக் கசந்துவிடும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டிவிடுவீர்கள். அது நஞ்சல்ல, வாய்க்குத்தான் விளங்காது. கிவிப் பழத்துக்கும் இதுவே பொருந்தும். பப்பாளியிலும், குறிப்பாகச் செங்காயாக இருந்தால், அதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. சாப்பிடும் நேரத்தில் நறுக்கிப் போட்டால் எதுவும் ஆகாது. டின்னில் அடைத்த அன்னாசியில் சூட்டினால் நொதி செயலிழந்திருக்கும் என்பதால் கசக்காது. ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியது, ஆகவே வேண்டாம்.

வாங்கி வைத்திருக்கும் கோப்பைகளைத் தூக்கிப் போட வேண்டாம். காலாவதித் தேதிக்குள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்குப் பதிலாக ஒன்று என்று கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.