என்றாவது உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் காத்துவைப்பதுதான் க்ரையோனிக்ஸ். அதற்குத் திரவ நைட்ரஜன் கலமே போதுமே, விலை கூடிய கருவிக்கு ஏன் இத்தனை சண்டை?

சண்டையின் வேர் விரிசல். திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196 டிகிரி செல்சியஸ். உறைகாப்புக் கரைசல் (உள்ளே ஐஸ் படிகம் உருவாகாமல் தடுக்கும் திரவம்) ஏற்றிய உடல் ஏறக்குறைய -120 டிகிரியிலேயே கண்ணாடிபோல் இறுகிவிடும். அதன் பிறகும் குளிர்ந்துகொண்டே போனால், சுடு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல் உள்ளே கீறல் விழும். அதனால் -140 அளவில் நிறுத்த வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. நியாயமான வாதம்தான். ஆனால் அந்தக் குளிரைப் பிடித்துவைக்க ஹீட்டர், சென்சார், கட்டுப்பாட்டுக் கருவி என்று செலவு ஏறும். பழுதாக இடமும் கூடும்.

சாதாரணக் கலத்துக்குக் குளிரைக் காக்க மின்சாரமே வேண்டாம், ஆவியாகும் நைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். அரிசோனாவின் ஆல்கோர் நிறுவனம் உடலைத் தலைகீழாக வைப்பதும் அந்தப் பாதுகாப்புக்குத்தான்: நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் தலை கடைசிவரை மூழ்கியிருக்கும். மிச்சிகனின் க்ரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் இன்னும் சிக்கனமாக, கண்ணாடியிழைக் கலங்களைத் தானே கட்டிக்கொண்டது.

நான் எளிய கலத்தின் பக்கம், காரணம் செலவுதான். கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறை நிலவறையில் வைத்திருந்த உடல்கள் உருகிப்போனது 1979-இல் வெளியே தெரிந்தது. அங்கே முதலில் தீர்ந்தது பணம். நம்பி ஒப்படைத்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.