கைபேசி வரைபடத்துக்கு நாமே செய்யும் செயற்கைக்கோள் படம்: கேள்வி பதில்

சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய் கண்மாயாக நடந்து மடை, கலுங்கு, வரத்துக்கால் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கும் சிறு குழு எங்களுடையது. அதில் வரைபட வேலை என் பொறுப்பு. சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் திறக்கிற மாதிரி செயற்கைக்கோள் படம் எப்படிச் செய்கிறீர்கள் என்று பலர் கேட்டார்கள். கேள்விகளை மொத்தமாக வாங்கி இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மானாமதுரை, கல்லூரி மாணவர்: அக்கா, போன்லயே சாட்டிலைட் வியூ வருதே. அப்புறம் எதுக்கு நாமளே உட்கார்ந்து படம் பண்ணணும்?

சிக்னல் போனால் அதுவும் போய்விடும். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை ஆஃப்லைனுக்கு இறக்கினாலும் கோட்டு வரைபடம்தான் இறங்கும், செயற்கைக்கோள் படம் இறங்காது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் தேதி. ஒரு முறை ஏதோ ஒரு ஆப்பில் தண்ணீர் தளும்பி நின்ற கண்மாயைப் பார்த்து, கரை வழியாகச் சுற்றிப் போவதென்று திட்டம் போட்டோம். போய் நின்றால் உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, நடுவில் ஆடு மேய்கிறது. குறுக்கே நடந்திருந்தால் கால் மணி நேரம். அது எந்த வருடத்துத் தண்ணீரோ, படத்தில் தேதி இல்லை. அந்த மாதிரிப் படங்கள் பல தேதிகளில் எடுத்த துண்டுகளை ஒட்டிச் செய்தவை. நாமே செய்தால் கோப்பின் பெயரிலேயே தேதியை எழுதிவிடலாம். தெளிவு மட்டும் அவர்கள் படத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

திண்டுக்கல், ஆசிரியர்: மேடம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என்னென்ன செய்ய வேண்டும்? என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்.

போதும் சார், கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் எடுப்பது ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள். முதல் கோள் 2015-லும் இரண்டாவது 2017-லும் மேலே போயின, 2024-ல் இன்னொன்றும் சேர்ந்தது. அவற்றில் இரண்டு கோள்கள் முறை வைத்துச் சுற்றுவதால் ஒரே இடத்தின் படம் ஐந்து நாளுக்கு ஒன்று கிடைக்கும். காசு கிடையாது. கோபர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் ஊரைக் காட்டி, மேகம் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று கொடுத்தால் தேதிகள் வரிசையாக வரும். எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகை இருக்கும். எல்2ஏ-வை எடுங்கள். இடையில் இருக்கும் காற்றின் மங்கலைக் கழித்துத் தருவது அதுதான். மற்றதில் எல்லாமே நீலப் புகைக்குள் கிடப்பது போல இருக்கும்.

படம் சதுரக் கட்டம் கட்டமாகத்தான் இறங்கும். ஒரு கட்டம் பக்கத்துக்கு 10,980 புள்ளிகள், அதாவது 110 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே 10 மீட்டர் படங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் டிசிஐ என்று பெயருள்ள கோப்பு கண்ணால் பார்க்கும் நிறத்திலேயே தயாராக இருக்கும். அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இழுத்துப் போடுங்கள். காடு கறுப்பாகத் தெரிந்தால் லேயரின் சிம்பாலஜியில் காமாவை 1.3 பக்கம் ஏற்றுங்கள். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்புக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்து பிராசசிங் டூல்பாக்ஸில் 'ஜெனரேட் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' என்று தேடினால் எம்பிடைல்ஸ் என்று ஒன்று வரும். படத்தை டைல்ஸ் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டி ஒரே கோப்பில் அடுக்குவது அது. எல்லை, குறைந்த ஜூம் 9, அதிக ஜூம் 14, வடிவம் ஜேபிஜி, தரம் 80 என்று கொடுத்து ஓட விடுங்கள். இந்தக் கருவி திரையில் தெரிவதை அப்படியே படமெடுக்கும். வேறு லேயர் ஏதாவது திறந்திருந்தால் அதுவும் படத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் முறை எனக்கு நடுக் கண்மாயில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது அப்படித்தான். இப்போது அதையே வசதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்மாய்ப் பெயர்களைத் தமிழில் ஒரு லேயராக மேலே வைத்துவிட்டால், படத்தோடு சேர்ந்தே பதிந்துவிடுகின்றன.

கடைசியில் ஒரே ஒரு கோப்பு கிடைக்கும். லோகஸ் மேப், ஒருக்ஸ்மேப்ஸ் என்ற இரண்டு போன் ஆப்களும் எம்பிடைல்ஸை நேராகவே திறக்கும். ஆஸ்மண்ட் ஆப் வைத்திருப்பவர்கள் எஸ்க்யூலைட்டிபி என்ற வடிவத்துக்கு மாற்றி, அதன் டைல்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும்.

தேனி, புகைப்படக்காரர்: ஜூம் 18 வரை கொடுத்தேன். ராத்திரி முழுக்க லேப்டாப் ஓடியது. கோப்பு பெரிதானதுதான் மிச்சம், படம் அதே மங்கல். எங்கே தப்பு?

ஆசையில்தான் தப்பு. நம் அட்சரேகையில் ஜூம் 14-ல் திரையின் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 9.4 மீட்டர். சென்டினல் படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர். ரெண்டும் சரிக்குச் சரி. அதற்கு மேல் ஒவ்வொரு ஜூமுக்கும் துண்டுகள் நான்கு மடங்கு பெருகும், புதுத் தகவல் ஒரு துளியும் சேராது. 40 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஜூம் 14-ல் சுமார் 300 துண்டுகள் போதும். ஜூம் 18-க்கு 70,000-க்கும் மேல். அங்கே தரையின் ஒரே புள்ளியை 17-க்கு 17 புள்ளிகளாக ஊதிப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்கள். 14-ல் நிறுத்துங்கள். அதற்கு மேல் விரலால் பெரிதாக்கினால் ஆப்பே இழுத்துக் காட்டும், அதே மங்கலை இலவசமாக.

விருதுநகர், விவசாயி: எனக்கு மூணு ஏக்கர். வரப்பு தெரியுமா?

தெரியாதுங்க. ஒரு புள்ளி 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். உங்கள் மூன்று ஏக்கரும் சேர்ந்து 120 புள்ளிதான். எந்தப் பக்கம் பயிர் வாடுகிறது, எந்தப் பக்கம் ஈரம் நிற்கிறது என்ற அளவுக்குத் தெரியும். வரப்பே வேண்டுமென்றால் டிரோன் வைத்து எடுத்து, ஓபன்டிரோன்மேப் என்ற மென்பொருளில் தைத்து, அதையும் இதே வழியில் டைல்ஸாக மாற்றலாம். அதற்கு ஜூம் 20, 21 கொடுத்தாலும் நியாயம். எல்லைத் தகராறு என்றால் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சர்வேயரும் எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடமும்தான் பேசும்.

கரூர், மோட்டார் பைக் பயணி: பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டை இறக்கினேன். ஒன்று லேசாகச் சாய்ந்து உட்காருகிறது, நடுவில் கறுப்புப் பட்டை வேறு.

உங்கள் ஊர் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது! உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக வெட்டி யுடிஎம் மண்டலம் என்று வைத்திருக்கிறார்கள். 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல், கரூர் பக்கமாகத்தான் ஓடுகிறது. கோவையும் கொடைக்கானலும் 43-ல், மதுரையும் சேலமும் 44-ல். மண்டலம் மாறினால் வடக்கு என்ற திசையே கொஞ்சம் திரும்பும், சாய்வு அதனால்தான். இரண்டு படத்தையும் 'வார்ப்' கருவியில் இபிஎஸ்ஜி 3857 என்ற ஒரே பொது அமைப்புக்கு மாற்றுங்கள். அப்போதே நோடேட்டா, அதாவது படம் இல்லாத இடத்தின் மதிப்பு, 0 என்று கொடுத்துவிட்டால் கறுப்பு ஓரம் மறையும். அதன் பிறகு ஒட்டுங்கள். வரிசை மாறினால் கறுப்புப் பட்டை மறுபடி வரும்.

பெரியகுளம், மலையேறுபவர்: சொன்னால் சிரிப்பீர்கள். என் படத்தில் மலை எல்லாம் பள்ளமாகவும் ஓடை எல்லாம் மேடாகவும் தெரிகிறது.

சிரிக்கவில்லை, நானும் ஒரு நாள் முழுக்க இதில் குழம்பியிருக்கிறேன். படத்தில் பிழை இல்லை, நம் கண்தான் ஏமாறுகிறது. சென்டினல் நம் தலைக்கு மேல் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. தை, மாசியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கே நிற்கும். ஆகவே வெளிச்சம் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் வடமேற்குச் சரிவில் விழுகிறது. விளக்கானாலும் வெயிலானாலும் மேலிருந்து வந்தே நமக்குப் பழக்கம். கீழிருந்து வந்தால் மனம் மேட்டைப் பள்ளம் என்று படித்துவிடுகிறது. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சட்டென்று மலை எழுந்து நிற்கும்!

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் உயரக் கோடுகளை மேலே போடுங்கள். ஆஸ்மண்டில் அவை தனியாகவே கிடைக்கும். அல்லது 30 மீட்டர் உயரத் தரவிலிருந்து கியூஜிஐஎஸ்ஸில் ஹில்ஷேட், அதாவது மேடு பள்ளத்தை நிழலாகக் காட்டும் படம் செய்து, படத்தோடு 'மல்டிப்ளை' முறையில் கலக்கலாம். ஹில்ஷேட் வழக்கமாக வடமேற்கிலிருந்து வெளிச்சம் போடும், படத்தின் நிழலோ அதற்கு நேரெதிர். இரண்டும் சண்டை போட்டு மலை சேறு பூசினது போல ஆகிவிடும். அதனால் எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும். ஒரு பாதை படத்தில் தெரிகிறது என்பதற்காக வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்பாறை, தங்கும் விடுதி நடத்துபவர்: மேகமே இல்லாத ஒரு நாளும் கிடைக்கவில்லையே!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தேடினால் கிடைக்காது, ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள். அப்போதும் மூலையில் ஒரு பொதி நிற்கத்தான் செய்யும். சுத்தமான நாளை அடியில் வைத்து, மேகம் மூடிய துண்டுக்கு மட்டும் இன்னொரு நாளை வெட்டி மேலே ஒட்டுங்கள். பட்டைகளை, அதாவது ஒவ்வொரு நிற ஒளிக்கும் தனியாக வரும் கோப்புகளை, எடுத்துச் சேர்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணோடும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய படத்தோடு அப்படியே ஒட்டினால் ஒரு பாதி வெளிறி நிற்கும். மேகமில்லாமல் தைத்த உலகப் படங்கள் தயாராகவும் கிடைக்கின்றன, பார்க்க அழகாகவே இருக்கும். எனக்குத்தான் ஒத்துவரவில்லை. பல நாள் படங்களைக் கலந்து செய்வதால் மறுபடியும் தேதி தொலைந்துவிடுகிறது.

முல்லைத்தீவு: அக்கா, எங்கட குளங்களிலை தண்ணி நிக்கிற இடமும் தாமரை மூடின இடமும் ஒரே பச்சையாத்தான் தெரியுது. பிரிச்சுக் காட்ட ஏலுமோ?

நல்லாக முடியும், தம்பி. டிசிஐ-யை விட்டுவிட்டு எட்டாம் பட்டையைச் சிவப்புக்கும், நாலாவதைப் பச்சைக்கும், மூன்றாவதை நீலத்துக்கும் கொடுங்கள். எட்டாவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. தண்ணீர் அதை விழுங்கிவிடும், உயிருள்ள இலை திருப்பி அடிக்கும். தெளிந்த தண்ணீர் கறுப்பாகவும், கலங்கல் நீலமாகவும், தாமரை மூடிய பகுதி நல்ல சிவப்பாகவும் வரும். வயலும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் குளத்துக்கட்டு நடுவில் கோடாகப் பிரித்துக் காட்டும். இலங்கை முழுவதும் 44-ஆம் மண்டலத்துக்குள் அடங்குவதால் கரூர்க்காரரின் தலைவலி உங்களுக்கு இல்லை. மாரி மழை முடிந்து குளம் நிறைந்த பிறகு ஒன்று, ஆவணி வறட்சியில் ஒன்று என்று இரண்டு கோப்பு போனில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் நின்றபடி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்த இடம் மேடிட்டிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க உங்களுக்கே கேள்விகள் பிறக்கும்.

சென்னை: நம்ம இஸ்ரோ படங்கள் உதவாதா?

உதவும். ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் ரிசோர்ஸ்சாட் கோளின் லிஸ்-4 படங்களைத் தேடுங்கள். 5.8 மீட்டர், சென்டினலைவிடக் கூர்மை. ஆனால் அதில் நீலப் பட்டை கிடையாது. பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு மூன்றே. ஆகவே இயற்கை நிறம் வராது, காடு சிவப்பாகத்தான் இருக்கும். பழகிவிட்டால் எனக்கு அதுவே பிடிக்கிறது, கூட வருபவர்கள்தான் போனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

ஊட்டி: என்னிடம் பழைய கார்மின் இட்ரெக்ஸ் 30 ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அதில் போகுமா?

போகும், வழி வேறு. கேஎம்இசட் கோப்பாக்கி, கார்மின் ஃபோல்டருக்குள் உள்ள கஸ்டம்மேப்ஸில் போட வேண்டும். ஒரு படம் 1024-க்கு 1024 புள்ளி, மொத்தம் 100 படம், அதுதான் உச்சவரம்பு. குறைவாகத் தோன்றும். 10 மீட்டர் புள்ளியில் கணக்குப் போட்டால் ஒரு படம் 10 கிலோமீட்டருக்கு 10, நூறும் சேர்ந்தால் 100-க்கு 100. நீலகிரி மொத்தமும் உள்ளே அடங்கிவிடும்.

பெயர் போடாத ஒருவர்: கூகுள் படத்தையே துண்டு துண்டாக இறக்கித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவர்களுடைய விதிமுறை அதை அனுமதிக்கவில்லை, நான் சொல்லித்தர மாட்டேன். சென்டினல் படத்தை நீங்கள் மாற்றலாம், ஊருக்கே கொடுக்கலாம். மாற்றப்பட்ட கோபர்நிகஸ் சென்டினல் தரவு, இன்ன ஆண்டு என்று ஒரு வரி போட்டால் போதும்.

மதுரை, ஐடி வேலை: அக்கா, ஆஸ்மண்டுக்காக நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மாத்தினேன். மதுரைப் படம் மதுரையில இல்ல. தேடிப் பார்த்தா இந்தியப் பெருங்கடல் நடுவுல கிடக்குது!

பத்து டிகிரி தெற்கில்தானே? எம்பிடைல்ஸ் தன் வரிசைகளைத் தெற்கிலிருந்து எண்ணும், ஆப்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து எண்ணும். உங்கள் ஸ்கிரிப்ட் வரிசை எண்ணைத் திருப்பாமல் விட்டிருக்கிறது. அதனால் பூமத்தியரேகையைக் கண்ணாடியாக வைத்த மாதிரி மதுரை அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. ஜூம் 14 என்றால் 16,383-லிருந்து வரிசை எண்ணைக் கழியுங்கள், ஊர் வந்து சேரும். மற்ற ஜூம்களுக்கு 2-ஐ அத்தனை முறை பெருக்கி ஒன்றைக் குறையுங்கள்.